ஹாக்கிக்கும் ஒரு கொடை வேண்டும்

கரிசல் காடு ஹாக்கிக்கு ஏற்ற தரையே அல்ல. ஐப்பசி மழையில் அந்த மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. சித்திரை வெயிலில் பாதம் இறங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதில் ஹாக்கிப் பந்தைத் தட்டிவிட்டால் நாலு முழம்கூட உருளாது. இங்கே மைதானம் என்பது தானாகக் கிடைப்பதில்லை. மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து உண்டாக்க வேண்டியது. அப்படி உண்டாக்கிய தரையில்தான் கோவில்பட்டி தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடிவருகிறது. அப்பா ஆடினார், சித்தப்பா ஆடினார், இப்போது மகன் ஆடுகிறான். இந்த வரிசையைச் சொல்லக்கூடிய வீடுகள் தமிழ்நாட்டில் வேறு எத்தனை ஊர்களில் இருக்கும்?

தீப்பெட்டி, கடலைமிட்டாய், கரிசல் இலக்கியம் என்று ஊரின் பெருமைகளை வெளியூர்க்காரர்கள் அடுக்குவார்கள். கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இடைசெவல் தந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணனுக்கு 2022-இல் கோவில்பட்டியில் நினைவரங்கம் திறந்தார்கள். இரண்டும் தகும். இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஹாக்கியை மட்டும் விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கி, கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அது இந்த மண்ணின் பண்பாடு, பாதுகாத்துக் கொண்டாட வேண்டிய மரபு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கோடை வந்தால் கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும். ரயில்வே, ராணுவம், எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடுகின்றன. பஞ்சாபிலும் ஒடிசாவிலும் பிறந்த வீரர்களின் பெயர்களைக் கோவில்பட்டிப் பையன்கள் சரளமாகச் சொல்வார்கள். மாலை ஆட்டத்துக்கு வேலையை முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருகிறவர்கள் உண்டு. பெனால்டி கார்னர் என்றதும் எழுந்து நிற்பதும், டிராக் ஃபிளிக் எந்த மூலைக்குப் போகும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்வதும், தவறான விசிலுக்கு நடுவரைக் கண்டிப்பதும் விவரம் தெரிந்த கூட்டத்தின் அடையாளங்கள். கிரிக்கெட்டை விட்டால் வேறு ஆட்டத்துக்கு ஆள் சேராது என்று சொல்லப்படும் நாட்டில் இது சாதாரணக் காரியம் இல்லை. 2022 மே மாதம் ஆண்களுக்கான தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டியையே இந்த ஊர் நடத்திக் காட்டியது.

அந்த மே மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்கள் இடம்பிடித்தார்கள். மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம். மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர், கார்த்தி அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் கார்த்தி. ஜப்பானை வென்று வெண்கலத்தோடு அணி திரும்பியது. அடுத்த ஆண்டு சென்னையில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா கைப்பற்றியபோதும் கார்த்தி அணியில் இருந்தார்.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. பெரிய போட்டி நடக்கும் நாள்களில் ஊர் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறது. களத்தில் ஆடுவது நிறுவனங்களின் அணிகள். கேலரியில் கைதட்டும் பெரியவர் தம் காலத்தில் வெறுங்காலோடு இதே ஊர்க் கட்டாந்தரையில் ஃபார்வர்டாக ஓடியவராக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பேரனைத் தவிர அது யாருக்கும் தெரியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கும் காவல்துறைக்கும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்களின் கதை எழுதப்படவில்லை. அந்தப் பழைய அணிகளின் படங்கள் வீட்டுச் சுவர்களில் மங்கிக்கொண்டிருக்கின்றன. மானாவாரி விவசாயத்தையும் பஞ்சத்தையும் பருத்தி மில்லையும் தீப்பெட்டி ஆபீஸையும் எழுதிக் குவித்த மண் இது. ஹாக்கி ஆடிய கால்களுக்கு அதில் ஒரு பக்கமாவது சேர வேண்டும்.

விளையாட்டை ஒரு சமூகம் தன் வரலாற்றுப் பெட்டகமாக்கிக் கொள்ள முடியுமா? முடியும் என்பதற்கு வெகுதூரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை அமெரிக்கா எடுத்துக்கொண்ட பிறகு, பிலிப்பினோ இளைஞர்கள் கலிபோர்னியாவுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். கீரை, அஸ்பாரகஸ், திராட்சை என்று அறுவடைக்கு அறுவடை இடம்மாறும் வாழ்க்கை. 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்ற ஊரில் அவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள்; ஓர் இளைஞர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1965 செப்டம்பரில் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்களும் அவர்கள்தான். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அக்டோபர் மாதத்தைத் தங்கள் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2009-இல் அதை அங்கீகரித்தது. கொண்டாட்டம் கருத்தரங்குகளோடு நின்றுவிடவில்லை. கூடைப்பந்து லீக்குகள் நடக்கின்றன. பெரிய தொழில்முறை அணிகளே பிலிப்பினோ மரபு இரவு என்று ஒரு நாளை ஒதுக்கி, அவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் உணவையும் மைதானத்துக்குள் அழைக்கின்றன.

அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர்களில் ஒன்று விக்கி மனாலோ டிரேவ்ஸ். தந்தை பிலிப்பினோ, தாய் ஆங்கிலேயர். சான்பிரான்சிஸ்கோவில் நீச்சல்குளத்தில் பாய்ந்து குதிக்கும் டைவிங் கற்கப் போன பெண்ணை மனாலோ என்ற தந்தை வழிப் பெயரோடு சேர்த்துக்கொள்ள இடமில்லை. தாயின் குடும்பப் பெயரான டெய்லரை வைத்துக்கொண்டுதான் பயிற்சி பெற முடிந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் ஸ்பிரிங்போர்டு, பிளாட்ஃபார்ம் இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் அந்த இரண்டையும் வென்ற முதல் பெண் அவர். இன்று அதே சான்பிரான்சிஸ்கோவில், அவர் வளர்ந்த பகுதியில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயர். மறைத்துக்கொள்ளச் சொன்ன அந்த மனாலோவும் பலகையில் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 1948-இன் அதே ஒலிம்பிக்கில், அதே லண்டனில்தான் சுதந்திர இந்தியாவின் ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று தோற்கடித்தது. காலனிய வரலாற்றுக்கு அந்த நான்கு கோல்கள் என்ன பதில் சொல்லின என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம்.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. குடகு. எம்.பி.கணேஷ், எம்.எம்.சோமய்யா போன்றவர்களை இந்திய அணிக்குத் தந்த அந்த மலைநாட்டில், ஒக்க என்று அழைக்கப்படும் குடும்பக் கால்வழிகள் ஒவ்வொன்றும் ஓர் அணி. 1997-இல் பாண்டண்ட குட்டப்பா என்பவர் கரடா என்ற ஊரில் அறுபது குடும்ப அணிகளோடு ஒரு போட்டியைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு குடும்பம் அதை ஏற்று நடத்தும். அந்த ஆண்டுத் திருவிழா அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே வழங்கும். பாட்டனும் பேத்தியும் ஒரே அணியில் ஸ்டிக் பிடிக்கலாம். கொரோனாக் காலத்தில் நின்ற விழா மீண்டும் தொடங்கியபோது இன்னும் பெருகியது. 2024-இல் நாபோக்குலுவில் நடந்த விழாவில் 360 அணிகள் கலந்துகொண்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தன. சின்னஞ்சிறு சமூகம் அது. பெங்களூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு இழுத்துவர அவர்கள் ஹாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதைப் படித்ததும் கோவில்பட்டியிலும் அப்படியே செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

குடகில் குடும்பக் கால்வழி அணி என்பது அந்தச் சமூகத்துக்குள் நடக்கும் கொண்டாட்டம். நம் தென்மாவட்டத்தில் குலம், கொத்து, தெரு என்று அணி பிரித்தால் அது முதல் விசிலுக்கு முன்பே சாதி அணி ஆகிவிடும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பிரிந்து உட்காரும் வட்டாரம் இது. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளுக்கே தடை கேட்டுப் பரிந்துரைத்தது. கபடி ஆடுகளங்களில் இந்தப் பகை புகுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இதே தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர் மணத்தி கணேசன். அவர் வாழ்க்கையின் தூண்டுதலில் மாரி செல்வராஜ் 2025-இல் எடுத்த 'பைசன்' படம், ஒரு கபடி வீரன் எதிரணியை மட்டுமா தாண்டிப் போக வேண்டியிருந்தது என்பதைக் காட்டியது. திருவிழாவில் ஊர்ப் பெயரைச் சொல்லி நடத்தும் பல கோப்பைகளில் யார் ஆடலாம், யார் வேடிக்கை மட்டும் பார்க்கலாம் என்று எழுதாத சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. மரபைக் கொண்டாடுகிறோம் என்ற பெயரில் அந்தச் சட்டத்துக்குக் கொடியேற்றி வைத்துவிடக் கூடாது.

கோவில்பட்டி ஹாக்கியின் உண்மையான அருமை இங்கேதான் இருக்கிறது. எந்தச் சாதியின் குலத்தொழிலும் இல்லை அது. எந்தக் கோயிலிலும் அதற்கு முதல் மரியாதை இல்லை. வெளியிலிருந்து வந்த ஆட்டம். எல்லோருக்கும் அந்நியம், அதனால் எல்லோருக்கும் சொந்தம். பாஸ் கொடுக்காமல் ஹாக்கி ஆட முடியாது. மட்டையில் பந்தை வைத்துக்கொண்டு ஒருவனே ஓடினால் இரண்டாவது டிஃபென்டர் பறித்துவிடுவான். பக்கத்தில் ஓடிவருகிறவன் எந்தத் தெரு என்று யோசிக்க நேரம் இருக்காது. "அண்ணே, இங்க" என்ற குரல் வந்த பக்கம் பந்து போக வேண்டும். அதிகாலையில் பயிற்சி மைதானத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கோன்களை நட்டு வளைந்து வளைந்து ஓடும் பையன்கள், கைப்பிடி பிரிந்த ஸ்டிக்குக்குப் பல்லால் டேப்பைக் கிழித்துச் சுற்றும் ஒரு சிறுமி, தன் உயரத்தில் பாதி இருக்கும் பேடைக் கட்டிக்கொண்டு நடக்கத் தடுமாறும் குட்டி கோல்கீப்பர், அவன் பின்னால் வாரை இறுக்கிவிடும் மூத்த பையன். ஒரு பாத்திரத் தண்ணீரை எல்லோரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். தனிக் குவளை வைத்திருந்த டீக்கடைகளின் காலத்தைக் கண்ட வட்டாரத்தில் அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. செயற்கைப் புல்தரை ஆட்டத்துக்கு முன்பு நன்றாக நனைய வேண்டும். இல்லாவிட்டால் பந்து துள்ளும், விழுந்தால் முழங்கால் தோல் உரியும். தாமிரபரணிக் கரையில் இருக்கும் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே குடிதண்ணீர் வந்து சேர வேண்டிய ஊர் இது. குடம் வரிசையில் நின்று பழகிய ஊரில், ஹாக்கிக்குத் தண்ணீர் விடுவது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் தேவைப்படாத தரைகளை நோக்கி உலக ஹாக்கியே நகர்ந்துகொண்டிருக்கிறது. கரிசல் பூமிக்கு அது அவசரத் தேவை. அடுத்த முறை தரை மாற்றும்போது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியை இந்த விஷயத்தில் முதலிடத்தில் வைக்க வேண்டும்.

சரி, என்னதான் செய்யலாம்? அகில இந்தியக் கோப்பை இருக்கிறபடியே நடக்கட்டும். அது ஊரின் சொத்து. அதற்கு முந்தைய வாரத்தில் ஊரே ஆடுகிற ஒரு வாரம் வேண்டும். நம் அம்மன் கோயில்களுக்கு எடுக்கிற கொடை விழாவைப் போல, ஹாக்கிக்கு ஒரு கொடை. சித்திரை அதற்குப் பொருத்தமான காலம். தை, மாசியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்திருக்கும். காடு வெறுமையாகக் கிடக்கும். மாதம் பிறந்ததும் கிராமங்களில் பொன்னேர் பூட்டி ஊர் கூடி உழுவார்கள். பள்ளிக்கூடமும் லீவு. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் ஊர் திரும்பும் மாதமும் அதுதான்.

அணிகளைக் குலுக்கல் போட்டுப் பிரிக்க வேண்டும். எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து பெயர் கொடுப்பவர்கள் எல்லாரையும் ஒரே பானையில் போட்டு எடுத்தால், எதிர்த்த தெருக்காரன் நம் அணியில் வருவான். அணிக்குப் பயிர்ப் பெயர் வைக்கலாம். கம்பு, குதிரைவாலி, பருத்தி, மல்லி. ஒவ்வோர் அணியிலும் நாற்பது வயது தாண்டிய பழைய வீரர் ஒருவரும், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இரண்டு பேரும், பெண்கள் மூன்று பேரும் கட்டாயம். ஐந்து ஐந்து பேராக மாறி மாறி இறங்கி ஆடும் சின்ன ஆட்டமாகவும் வைக்கலாம். ஹாக்கியில் அதற்கு உலக அளவில் விதிகளே இருக்கின்றன. பெரிய மைதானத்தில் மூச்சு வாங்கும் பழைய கால்களுக்கும் அது தோதாக இருக்கும்.

பெண்களைப் பற்றிச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் தீப்பெட்டித் தொழிலைத் தாங்கியவர்கள் பெண்களும் சிறுமிகளும். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்த தலைமுறை அது. விடியுமுன்னே கிராமத்துக்குள் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறிப்போன காலம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. நிலைமை மாற அதன் பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பெண்களுக்கு விளையாட என்று ஒரு காலைப்பொழுது கிடைத்ததே இல்லை. இன்று அவர்கள் வீட்டுப் பேத்தி அதே விடியற்காலையில் ஸ்டிக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறாள் என்றால், இந்த ஊர் கடந்துவந்த தூரத்தை அளக்க அதைவிடச் சரியான முழக்கோல் கிடையாது. விழாவின் முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அமைச்சரையும் ஆட்சியரையும் தேட வேண்டாம். அப்படி ஒரு பாட்டியின் கையில் பந்தைக் கொடுக்கலாம்.

இரண்டாவது வேலை, பெயர்களைச் சேர்ப்பது. வடக்கின் போர் என்று யாழ்ப்பாணத்தில் அழைக்கப்படும் கிரிக்கெட் ஆட்டம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கியது. இத்தனை போருக்கும் இடப்பெயர்வுக்கும் பிறகும், லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் நடந்தது, அதோடு ஆட்டக்காரர்களின் பெயர்கள் எழுதியும் வைக்கப்பட்டன. கோவில்பட்டியில் அந்த வேலைக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. விழா நடக்கும் வாரத்தில் மைதான வாசலில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், இரண்டு கல்லூரி மாணவர்கள். வீட்டில் இருக்கும் அணிப் படத்தையும் சான்றிதழையும் எடுத்துவாருங்கள், படியெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருகிறோம் என்று தெருத்தெருவாக அறிவித்தால் போதும். படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஆண்டு, யார் கோல்கீப்பர் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பின்வரிசையில் பெயர் தெரியாமல் நிற்கும் பையனையும் கேட்டு எழுத வேண்டும். அவனும் ஆடியவன்தான். எழுபதைத் தாண்டிய ஆட்டக்காரர்களின் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவுசெய்ய இன்னும் பத்து ஆண்டு காத்திருந்தால் பதிவுசெய்ய ஆள் இருக்காது.

அரசு முன்வந்தால் நல்லது. 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்திய மாநிலம் இது. அந்த உற்சாகத்தில் ஒரு பங்கு, கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி அருங்காட்சியகத்துக்கு வரலாம். ஆனால் கட்டடத்துக்காகக் காத்திருந்து கொடையைத் தள்ளிப்போட வேண்டாம். நகராட்சி ஒரு வாரம் மைதானத்தை ஒதுக்கட்டும். பள்ளிகள் ஸ்டிக்குகளை இரவல் தரட்டும். கடலைமிட்டாய்க் கடைகளும் தீப்பெட்டி நிறுவனங்களும் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். வெளியூரில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களுக்கு இப்போதே கடிதம் போக வேண்டும். சித்திரைக்கு லீவு சொல்லி டிக்கெட் எடுக்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டுமல்லவா?